சிவப்பு மெழுகுக் குண்டு

வடக்கு மிச்சிகன்,
டிசம்பர் 16, ஞாயிறு.

என் அன்பு மகள் கொரீனுக்கு,

அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சௌக்கியமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் முழங்கால் பனி விழுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே சேதி சொல்லிவிடுகிறது, ரேடியோக்காரனைவிட அதுதான் நம்பகம். இங்கே ஜன்னல் வரைக்கும் பனி கிடக்கிறது, உனக்கு அங்கே நியூசிலாந்தில் வெயில் காலமாம், மனுஷன் போய் இருக்கிற ஊரா அது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுகிறாள். இது நானே முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

அதற்கு முன்னால் ஒரு நல்ல சேதி. சொன்னால் நம்பமாட்டாய், போன மாதக் காற்றில் கிழக்கு வேலியோரம் நின்ற பெரிய ஆப்பிள் மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. ரம்பம் வைத்து அறுத்தபோது பொந்துக்குள் அணில் சேர்த்து வைத்த கொட்டைகளுக்கு நடுவே உன் நீலக் கையுறை கிடந்தது. ஆறு வயதில் தொலைத்துவிட்டு மூன்று நாள் அழுதாயே, அதேதான். கட்டைவிரலை மட்டும் அணில் தின்றுவிட்டிருக்கிறது. அதைத் துவைத்துக் காயவைத்து இந்தக் கடிதத்தோடேயே வைத்திருக்கிறேன், உறை ஏன் இப்படி உப்பியிருக்கிறது என்று உங்கள் ஊர்த் தபால்காரர் கேட்டால் அணிலைக் கேட்கச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த டிசம்பரில் வேட்டைக்கு வருகிறேன், நம் வாய்வழித் திணிக்கிற துப்பாக்கிக்கு நாற்பது குண்டு வார்த்து வை அப்பா என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு இருந்த சந்தோஷத்தில் மறுநாளே கொட்டகையில் அடுப்பை ஏற்றிவிட்டேன். இடித்துப் போட்ட பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து வெர்லின் மாமா ஈயத் தகடு கொண்டுவந்து கொடுத்திருந்தான், நகத்தால் கீறினால் பளிச்சென்று கோடு விழுகிற சுத்த ஈயம். டயரில் அடிக்கிற எடைக்கட்டியின் கெட்டி ஈயத்தை வார்த்துவிட்டு, குண்டு குழாய் வாய்க்குள் இறங்கமாட்டேன் என்கிறது என்று சுத்தியலைத் தேடும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள், நம் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அச்சு சூடு ஏறாததால் முதல் பத்துப் பன்னிரண்டு குண்டு கிழவன் கன்னம் மாதிரி சுருங்கி விழுந்தது, திரும்பச் சட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் கண்ணாடி. ஒவ்வொன்றின் விலாவிலும் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு, பதினொரு வயதில் நீ அச்சைச் சிமெண்டுத் தரையில் போட்டாயே, அந்தக் காயம். அன்றைக்கு நான் கத்திய கத்தல் ஊருக்கே கேட்டது, இப்போது அந்தக் கோடு இல்லாத குண்டைப் பார்த்தால் யாரோ அந்நியனுடையது மாதிரி இருக்கிறது.

வெளியே காற்று ஊளையிட்டதால் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வார்த்தேன். ஈயம் உருக்கும் இடத்தில் கதவு திறந்திருக்க வேண்டும் என்று உனக்கு நூறு தடவை சொன்னவன் நான்தான், இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும். குண்டுக்குத் தடவுகிற மஞ்சள் மெழுகு பாதியில் தீர்ந்துபோனது. உன் அம்மா கிறிஸ்துமஸுக்கென்று எடுத்து வைத்திருந்த சிவப்புத் தேன்மெழுகுவத்தி ஒன்றை அலமாரியிலிருந்து நைசாக உருவிக்கொண்டு வந்து கொழுப்போடு உருக்கித் தடவினேன். அவள் கேட்டபோது நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். ஆக, மஞ்சள் மெழுகுக் குண்டெல்லாம் வண்டியில் இருக்கும் டப்பாவில், சிவப்பு மெழுகுக் குண்டெல்லாம் கொட்டகையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. சிவப்பு ஒன்றுகூடக் கொட்டகையைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை வெர்லினும் நானும் குறி பார்க்கச் சரளைக் குழிக்குப் போனோம். வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்து வைத்தேன், காப்பிக்கு ஒரு நடை வண்டிக்குப் போய்வந்தேன், வெடிமருந்தை அளந்து குழாயில் கொட்டினேன், டப்பாவிலிருந்து மஞ்சள் குண்டு ஒன்றைக் குழாய் வாயில் வைத்துக் கோலால் அழுத்தி இறக்கினேன், கோலை உருவிவிட்டு, மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டேன். வெர்லின் என் மணிக்கட்டைப் பிடித்தான். "கேப்ப வெக்காத ஓரின். கோல மறுபடி உள்ள விடு" என்றான். விட்டேன். ஒரே ஒரு குண்டு உள்ளே இருந்தால் கோலில் நான் போட்டு வைத்திருக்கிற கோடு குழாய் வாய்க்குச் சரியாக வந்து நிற்க வேண்டும் இல்லையா, நாலு விரல் மேலே நின்றது. உள்ளே ஏற்கெனவே ஒரு மருந்தும் ஒரு குண்டும் இருந்திருக்கிறது, அதன் தலைமேல் நான் இன்னொன்றைத் திணித்திருக்கிறேன். கேப்பை வைத்துச் சுட்டிருந்தால் குழாய் பிளந்திருக்கும், இந்தக் கடிதத்தை உன் அம்மா எழுத வேண்டியிருந்திருக்கும். திணிப்பதற்கு முன்னால் வெறும் கோலை விட்டுக் கோட்டைப் பார் என்பதுதான் உனக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பத்து வயதில் நீ செய்யாத தப்பு.

என் உயிரைக் காப்பாற்றியவனுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா. "நான் காப்பி எடுக்க வண்டிக்குப் போனப்ப நீதான் திணிச்சு வெச்சிட்ட, உனக்குக் கண்ணும் போச்சு புத்தியும் போச்சு, அடுத்தவன் துப்பாக்கில உனக்கென்ன வேல" என்றேன். "நான் தொடவே இல்லடா. பின்பக்கத் திருகக் கழட்டு, ரெண்டும் எப்படி வந்துச்சுன்னு இப்பவே பாத்துடலாம்" என்றான் அவன். "உன் முன்னால நான் எதையும் கழட்டிக் காட்ட வேண்டியதில்ல" என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். என் வண்டியில் வந்தவன், மூன்று மைல், உறைந்துபோன ரோட்டில் நடந்தே வீட்டுக்குப் போனான். நான் அவனைத் தாண்டித்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். நிறுத்தவில்லை, கொரீன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, வெர்லின் என்னைக் கொன்றிருப்பான் என்று அம்மாவிடம் சொல்லித் தீர்த்தேன். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கொட்டகைக்குப் போய்ப் பின் திருகைக் கழற்றி, பின்னாலிருந்து கோலை விட்டுத் தள்ளினேன். முதலில் மஞ்சள் குண்டு வந்து விழுந்தது. மருந்து கொட்டியது. மறுபடி தள்ளினேன், கொட்டகையைத் தாண்டாத சிவப்பு வந்து விழுந்தது. இரண்டிலும் உன் கோடு. வார்த்து முடித்த சாயங்காலம், புதுக் குண்டு எப்படி இறங்குகிறது பார்க்கலாம் என்று நானே மருந்து போட்டுத் திணித்து, காலையில் குழியில் சுட்டுக்கொள்ளலாம் என்று கேப்பு வைக்காமல் மாட்டிவிட்டிருக்கிறேன். கேப்பு இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய் என்று நாம் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் இதெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடித்தது. செய்த ஞாபகம் துளிகூட இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை. என் கை செய்திருக்கிறது, நான் அங்கே இல்லை.

அப்போதே உள்ளே போய் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு குண்டையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பதினொரு வருஷமாக, அவன் பெண்டாட்டி போன நாளிலிருந்து, ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் நம் மேஜையில் சாப்பிட்டவன் வெர்லின். அந்த ஞாயிறு உன் அம்மா அவனுக்குத் தட்டு வைக்கவில்லை. தேவாலயத்தில் அவன் தொப்பியைத் தூக்கினான், இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்காகத்தான் திருப்பிக்கொண்டாள். மூன்று ஞாயிறு அப்படிப் போனது. நான் வெட்கம் கெட்டவன் மாதிரி உருளைக்கிழங்கைப் பிசைந்து பிசைந்து தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை. நடுவில் கை வலித்து நிறுத்திவிட்டேன், மேலே படித்துப் பார்த்துவிட்டுத் தொடர்கிறேன்.

சாத்திய கதவு நினைவிருக்கிறதா. ஈயப் புகை உடம்பில் ஏறினால் மறதி வரும், எரிச்சல் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். எனக்கு அதைப் பிடித்துக்கொள்ளக் கொழுகொம்பு கிடைத்த மாதிரி ஆனது. இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு டவுனுக்குப் போய் இரத்தம் கொடுத்தேன். ஈயமாக இருந்தால் ஈயத்தை விட்டு விலகி இருங்கள், மருந்து இருக்கிறது, உடம்பிலிருந்து இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார், உன்னைவிடச் சின்னப் பையன். அந்த ஒரு வாரம் நான் இருந்த இருப்பை என்னவென்று சொல்வேன். அறுபத்தொன்பது வயதில் ஒருவன் முழங்கால் போட்டு, ஆண்டவரே என் இரத்தத்தில் விஷம் இருக்கட்டும் என்று ஜெபித்திருக்கிறான் என்றால் நீ நம்புவாயா. நிறைய இருக்கட்டும் என்று கேட்டேன்.

முடிவு வந்ததும் அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "நல்ல சேதிங்க, ஈயம் ஒண்ணுமே இல்ல, எல்லாருக்கும் இருக்கிற அளவுதான்" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "வேற என்ன நடக்குது, சொல்லுங்க" என்றான். சொன்னேன். உன் அம்மாவுக்கு முன்னால் ஒரு முகம் தெரியாத பையனிடம் சொன்னேன். ஜனவரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஞாபகத்துக்கென்றே இருக்கும் டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்து கொடுத்தான். பயமாக இருக்கிறது கொரீன். கரடிக்கு முன்னால் நின்றபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

அங்கிருந்து நேராக வெர்லின் வீட்டுக்குத்தான் போனேன். அடுப்பில் மான்கறி சாஸேஜ் வதக்கிக்கொண்டு நின்றான். கதவைத் திறந்துவிட்டுத் திரும்ப அடுப்புக்கே போனான். இரண்டு குண்டையும் அவன் மேஜைமேல் வைத்தேன். சிவப்பை எடுத்து மோந்து பார்த்தான். "தேன்மெழுகா? மார்லிஸோட கிறிஸ்துமஸ் மெழுகுவத்திதான? அடப்பாவி, உன்னக் கொல்லப்போறது குண்டு இல்லடா, அவதான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் வேறு எதுவாகவோ ஆகிவிட்டது, அந்த வயசான ஆள் முன்னால் குழந்தை மாதிரி அழுதேன். அவன் எனக்கு ஒரு தட்டு வைத்தான். மன்னிப்புக் கேட்டேன். "நடந்து வந்ததுல காது மட்டுந்தான் உறைஞ்சுச்சு, விடு" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான், "கோடையிலிருந்தே பாக்கிறேன். அந்த ஏரி மீன் கதைய ஒரே வாரத்துல மூணு தடவ சொன்ன. ஒவ்வொரு தடவையும் புதுசாச் சொன்ன." ஏன்டா அப்பவே சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். "சொன்னா நீ கேக்கிற ஆளா? குழில சொன்னேனே, கேட்டியா?" என்றான்.

அன்றைக்கே அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், ஞாபகம், இரத்தம், மெழுகுவத்தி எல்லாம். அவள் முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் விஷயம் முழுசாக உறைத்து, "ஒரு தப்பும் செய்யாத மனுஷனுக்கு மூணு வாரமாத் தட்டு வெக்காம இருந்தேனே, உங்க வாய என்ன செய்யலாம்" என்று கொந்தளித்தாள். மாவுக்குள் இறைச்சியும் டர்னிப்பும் வைத்து மடித்து ஆறு பாஸ்டி சுட்டு, சூடு ஆறுவதற்குள் அவளே வண்டியை எடுத்துக்கொண்டு வெர்லின் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது முன்சீட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். மெழுகுவத்தியை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது துப்பாக்கி. அதை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னாள், எனக்கு ஒப்பவில்லை. கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். என்னிடம் இருந்த கேப்பு டப்பாக்கள் எல்லாவற்றையும், சட்டைப்பையில் கிடந்த ஒற்றைக் கேப்பு வரைக்கும், பொறுக்கி வெர்லினிடம் கொடுத்துவிட்டேன். வேட்டை சீசன் திறந்த அன்று இரண்டு பேரும் மான் கண்ணில் படாதபடி ஒரே மறைப்பில் முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்தோம். நான் திணிக்கும்போது அவன் கோலைப் பிடித்துக் கோட்டைப் பார்த்தான். நல்ல கொம்பு மான் ஒன்று நாற்பது கஜத்தில் வந்து நின்றது. நான் பின்னால் கையை நீட்டினேன், சின்னப் பிள்ளை மிட்டாய்க்கு நீட்டுகிற மாதிரி. உறை போட்ட கையோடு அவன் டப்பாவைத் திறப்பதற்குள் மான் வாலை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்பது வருஷமாக எந்த மனுஷனிடமும் சுடலாமா என்று கேட்டதில்லை நான்.

உன் நாற்பது குண்டும் தயார். கதவைத் திறந்து வைத்து, வெர்லின் பக்கத்தில் நின்று தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த குண்டுகள், கலங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வருவதானால் அடுத்த டிசம்பர் வரைக்கும் தள்ளாதே, முடிந்தால் கோடையிலேயே வா. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அப்பா எதையும் கேட்டுப் பழகாதவன் என்று உனக்குத் தெரியும். ஜனவரி டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. நீ வரும்போது உன்னை அடையாளம் தெரிகிறவனாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

இன்னொன்றும் கேட்கிறேன், இதுதான் முக்கியம். ஒரு சேதியை உனக்கு நான் இரண்டாவது தடவை சொன்னால், முதல் தடவை கேட்கிற மாதிரி ஆச்சரியப்படாதே. அப்பா மனம் நோகும் என்று விட்டுவிடாதே. அப்பா, இது சொன்னாய் என்று முகத்துக்கு நேரே சொல். உன் அம்மா சொல்லமாட்டாள், அவளுக்கு மனசு வராது, தலையாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். வெர்லினும் நீயும்தான் எனக்குக் கோடு. நாலு விரல் மேலே நின்றால் என் மணிக்கட்டைப் பிடி.

கர்த்தர் உன்னை இருக்கிற இடத்தில் காத்து, பத்திரமாக நம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. வண்டி டயரைப் பார்த்துக்கொள். அம்மா முத்தம் அனுப்புகிறாள், வெர்லின் மாமா உன் காதைத் திருகச் சொன்னான். பதில் போட மறக்காதே, நான் கேட்டதற்கு ஒத்துக்கொண்டேன் என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அப்பா,
ஓரின்.

பின்குறிப்பு: இத்தனை எழுதியும் நல்ல சேதி ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன் பார். சொன்னால் நம்பமாட்டாய், கிழக்கு வேலியோரம் நின்ற பெரிய ஆப்பிள் மரம் போன மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது, அறுத்தபோது அதன் பொந்துக்குள் அணில் கொட்டைகளுக்கு நடுவே உன் நீலக் கையுறை கிடந்தது. ஆறு வயதில் தொலைத்துவிட்டு மூன்று நாள் அழுதாயே, அதேதான். துவைத்துக் காயவைத்து எங்கேயோ பத்திரமாக வைத்தேன், காலையிலிருந்து தேடுகிறேன். கிடைத்ததும் அனுப்புகிறேன்.